முதலாளியின் மணல் தொட்டி

எங்கள் வீட்டில் வாடை அடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரு வழி வாடிக்கையாளர்களின் முகம். வாசல் தாண்டியதும் மூக்கின் ஓரம் லேசாகச் சுருங்கும். உடனே அதை மறைத்துக்கொண்டு ஒரு புன்னகை வரும். ஊசிக்காதில் நூல் கோப்பவள் மாதிரி அந்தச் சுருக்கத்துக்கும் புன்னகைக்கும் நடுவில் கண்ணை வைத்துக் காத்திருப்பேன்.

ஒரு பொல்லாத காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு வேலையை விட்டுவிட்டது. காய்ச்சல் போயிற்று, சளி போயிற்று, கூடவே வாசனையும் போயிற்று. காது மூக்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல அத்தனை வருஷம் படித்திருக்க வேண்டாம். எங்கள் தெருவுக்கு வரும் பஸ்ஸைப் பற்றி நானே அப்படித்தான் சொல்வேன்.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் வெட்டுமேஜை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அப்படி ஒரு கடையில் பழைய ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், மோட்டார்ச் சூட்டில் சுருண்டு கிடந்த பூனைக்குட்டியை ஸ்பேனர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அப்போது நான் மெஷினைத் தொட்டே பல வாரம் ஆகியிருந்தது. வாசனை போனால் ருசியும் பாதிக்கு மேல் போய்விடும் என்பது, போன பிறகுதான் தெரிந்தது. எதைத் தின்றாலும் ஈரத்துணியை மெல்வது போல இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். குட்டி என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, நான் எழுந்து அதற்கு ஏதாவது வைக்கும்வரை கத்தியது. மறுநாளும் கத்தியது. அதற்குச் சாப்பாடு வைக்க எழுந்தவள், எழுந்ததுதான் எழுந்தோம் என்று ஒரு நாள் மெஷினிலும் போய் உட்கார்ந்தேன். என்னைப் படுக்கையிலிருந்து கிளப்பியது டாக்டரும் இல்லை, மாத்திரையும் இல்லை. அந்தக் கத்தல்தான்.

வளர்ந்ததும் வெட்டுமேஜை அவன் வசமாகிவிட்டது. நான் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டு முடிக்கும் நேரம் பார்த்து, சரியாக அந்தக் கோட்டின் மேலேயே வந்து படுப்பான். தள்ளினாலும் நகர மாட்டான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நான் வேலை செய்கிறேனா, ஏமாற்றுகிறேனா என்று பார்ப்பான். முதலாளி என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

முதலாளியின் மணல் தொட்டி குளியலறை மூலையில் இருந்தது. எப்போது அள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்கு மூக்கு சொல்லும். எனக்கு ஞாபகம்தான் சொல்ல வேண்டும். தையல் குவிந்துவிட்டால் என் ஞாபகம் முழுக்க அடுத்தவர்களின் தோளளவிலும் இடுப்பளவிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனாலும் கேட்டால் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு தைரியம்.

"ஏங்க, வீட்ல ஏதாவது நாறுதா?"

"இல்லையே."

"நல்லா மோந்து பாத்து சொல்லுங்க."

"ஒண்ணுமே இல்லம்மா. நீ உன் வேலையப் பாரு."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். நானும் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தேன், வங்கிக்காரம்மா வந்து சேரும்வரை.

அவர் பக்கத்துத் தெரு வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர். என்னிடம் ஒரு கம்பளிக் கோட்டு தைத்து வாங்கிப் போயிருந்தார். கையில் அதே கோட்டோடு வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிப்பவர்கள் வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள முடியாததாகத்தான் எதையாவது சொல்வார்கள்.

"தையல் பிரமாதம். அதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஆபீஸ் கெளம்பறப்ப இஸ்திரி போட்டேன் பாருங்க, சூடு பட்டதும் குப்புன்னு ஒரு வாடை. பூனை மூத்திர வாடை. மீட்டிங்ல பக்கத்துல இருந்தவரு நாற்காலியவே நகத்திக்கிட்டாரு."

கம்பளி அப்படித்தான். சுற்றி இருக்கும் வாடையை எல்லாம் உறிஞ்சி உள்ளே பதுக்கி வைத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியின் ஆவி பட்டதும் அத்தனையும் கக்கிவிடும். தைத்து முடித்ததும் அந்தக் கோட்டுக்கு நானும்தான் ஆவி காட்டி இஸ்திரி போட்டேன். அது என் முகத்துக்கு நேராகவே எழும்பியிருக்கும். எனக்குச் சூடு மட்டும்தான் தெரிந்தது. கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, துவைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. நாறுதா, நாறலையா?"

"லேசா... சேச்சே, இல்ல. அந்தம்மாவுக்கு மூக்கு கொஞ்சம் ஓவரு."

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லவும் வராது. பொய் சொல்லும்போது காது மடலைத் தடவுவார். அன்று தடவித் தடவிக் காது சிவந்துவிட்டது. அப்படியென்றால் இத்தனை நாள் சொன்ன 'இல்லையே' எல்லாம் என்ன கணக்கு? எதை நம்புவது என்று தெரியவில்லை. நாற்றம் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு துணி வெட்டுவது போலத்தான். பயந்துபோய், கையில் கிடைத்ததை எல்லாம் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தேன்.

முதலில் வாசனை ஸ்ப்ரே. அது போதுமா என்று கேட்டேன், "போதும்" என்றார், நம்பாமல் பினாயிலுக்குப் போனேன். ஒரு மூடி ஊற்றச் சொல்லிப் போட்டிருந்தது. எனக்குத் தெரியாத நாற்றத்துக்கு ஒரு மூடி எந்த மூலைக்கு? குடுகுடுவென்று ஊற்றித் தொட்டியைக் கழுவினேன். அப்புறம் அந்துருண்டை. தையல்காரி வீட்டில் அதற்கா பஞ்சம்? கம்பளித் துணிகளுக்கு நடுவில் போட்டு வைக்க எப்போதும் டப்பா நிறைய இருக்கும். மிச்சத்துணியில் குட்டிக் குட்டிப் பைகள் தைத்து, சுருக்கு நூல் கோத்து, உள்ளே உருண்டைகளைப் போட்டுத் தொட்டியைச் சுற்றித் தோரணம் மாதிரி கட்டினேன். ஓரம் மடித்துத் தைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் தெரிந்தவளைத் தவிர வேறு யாரும் இப்படி ஓர் அழகான முட்டாள்தனத்தைச் செய்திருக்க முடியாது.

என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்தால் கண் கலங்கியிருக்கும். தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தும்முவார். "ஏங்க, ரொம்ப நெடியா இருக்கா?" என்றால், "சோப்பு கண்ணுல பட்டுடுச்சு" என்பார்.

முதலாளி மட்டும் பொய் சொல்லவில்லை. தொட்டிக்குக் கிட்டே போய்க் கழுத்தை நீட்டுவான். முன்னங்காலை ஒரு உதறு உதறுவான். பின்வாங்கிவிடுவான். அவன் சொன்னதுதான் நிஜம், எனக்குத்தான் புரியவில்லை. இரண்டொரு நாளில் வெட்டுத்துணிக் கூடையில் ஒன்றுக்குப் போனான். அதைத் துவைத்தேன். பிறகு ஒரு கல்யாணப் பெண்ணின் கவுனுக்கு விரித்து வைத்திருந்த சாட்டின் துணியில் போனான். வெள்ளைச் சாட்டின். அதன் நடுவில் மஞ்சளாகப் படர்ந்திருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் செய்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. தானியக் கிடங்கு வைத்திருப்பவர். குரலே மூட்டை தூக்குகிற மாதிரி கனமாக இருக்கும். நான் அழுததைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி அழுவாங்களா? எனக்குக் குடுத்துடு. இங்க எலி என் தலை மேலயே ஏறி ஓடுது. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். அவனும் சௌக்கியமா இருப்பான், உன் தொழிலும் பொழைக்கும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சாட்டினைப் பார்த்தேன். "சரிக்கா" என்றேன். சொன்ன பிறகு முதலாளியின் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை.

அவனை அனுப்பாமல் இருக்க இன்னும் ஒரே ஒரு வழிதான் பாக்கி இருப்பதாக நினைத்தேன். மறுநாள் மத்தியானம் ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வந்தேன். ஒரு வாடிக்கையாளர் அளவு கொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். நெடி முன்னறைக்கு வரக் கூடாது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். முந்தின நாளே மணலை வெளியே கொட்டிக் காலி செய்திருந்த தொட்டியின் அடியில் பழைய மூத்திரம் ஊறிப் படிந்திருந்தது. அதன் மேல் பவுடரைத் தாராளமாகத் தூவி, வெந்நீரை ஊற்றித் தேய்த்தேன். கண் எரிந்தது. தூசி என்று நினைத்தேன். தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்கிப் பிடித்த மாதிரி இருமல் வந்தது. தேய்ப்பதை நிறுத்தவில்லை. நன்றாகத் தேய்த்தால் அவன் இங்கேயே இருக்கலாம் என்ற ஒரே எண்ணம்தான்.

கதவு படாரென்று திறந்தது. சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். மூக்கையும் வாயையும் சட்டையால் பொத்தியிருந்தார். மாடிப்படியிலேயே நெடி தாக்கியதாம்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? உனக்குத் தெரி..." என்று கத்த ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். தெரியாது என்பது அவருக்கே உறைத்தது.

இருமலுக்கு நடுவில் நான், "முதலாளி" என்றேன். "வாளிக்குப் பின்னாடி." கதவைச் சாத்துமுன் என் பின்னாலேயே உள்ளே வந்தவன், நெடிக்குப் பயந்து அங்கே ஒளிந்திருந்தான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். தூக்கி வந்தபோது முதலாளியின் வாயில் நுரை கட்டியிருந்தது. விலா எலும்பு மேலும் கீழும் துடித்தது. அவரும் நானும் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுவிட்டு, அளவு கொடுக்க வந்தவரை வாசலிலேயே விட்டுவிட்டு, அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா அவனை வாங்கி ஆக்ஸிஜன் குழாய் வைத்து, ஊசி போட்டு, உள்ளே படுக்க வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். முதலில் எனக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு, ஜன்னலோரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். அப்புறம்தான் என்ன நடந்தது என்று விசாரித்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். ஸ்ப்ரே, பினாயில், அந்துருண்டைத் தோரணம், ப்ளீச். சொல்லச் சொல்ல அவர் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"மூத்திரத்துல அம்மோனியா இருக்கும்மா. அது மேல ப்ளீச் பட்டா வர்றது வெறும் நெடி இல்ல, விஷப்புகை. உங்களுக்கும் ஆபத்து. பினாயில், அந்துருண்டை ரெண்டுமே பூனைக்கு ஆகவே ஆகாது. அது கால நக்கிக்கிட்டே இருக்கற ஜீவன். கால்ல ஒட்டினதெல்லாம் வயித்துக்குத்தான் போகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இவ்வளவு நெடி இருந்திருக்கு. வீட்ல யாருமே ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"எனக்கு வாசனை தெரியாது டாக்டர். இவருகிட்ட கேப்பேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லுவாரு."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் காது மடலுக்குக் கையைக் கொண்டுபோய், பாதியில் கீழே போட்டார்.

"வீட்டுக்குள்ள வந்தாலே தலை வலிக்கும் டாக்டர். கண்ணு எரியும். அதுக்கு முன்னாடி பூனை நாத்தமும் இருந்துச்சு. ஆனா இவ கேக்கறப்ப..."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பெஞ்சையே தூக்கி அடித்திருப்பேன். அவர்தான் முதலில் பேசினார்.

"காய்ச்சல் விட்ட புதுசுல நீ ஒரு நாள் கேட்ட. ஞாபகம் இருக்கா? 'என் மேல நாத்தம் அடிக்குதா, சொல்லுங்க, எனக்குத் தெரியமாட்டேங்குது'ன்னு. கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. அப்ப உன் கண்ணு இருந்த இருப்பு... நான் இல்லைன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீ எதைக் கேட்டாலும் வாய் தானா இல்லைன்னுடுச்சு. பால் தீஞ்சா இல்ல. குப்பை நாறினா இல்ல. உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்."

"அந்த பேங்க் அம்மா வந்துட்டுப் போனதுக்கப்புறம் உங்க 'இல்ல'ய நான் நம்பவே இல்லீங்க" என்றேன். "நம்பியிருந்தா ஒரு மூடியோட நிறுத்தியிருப்பேன். எவ்வளவு இருக்குன்னு சொல்ல ஆள் இல்லாமதான் பாட்டிலோட ஊத்தினேன்."

நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் முதலாளியை உள்ளே ஆக்ஸிஜன் குழாயோடு படுக்க வைத்திருந்தது என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

முதலாளி பிழைத்துக்கொண்டான். அவனை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, நான் திரும்பச் சொல்லிக் காட்டும்வரை விடாமல் பாடம் நடத்தினார்.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அள்ளிடுங்க. முக்கால்வாசி வாடை அதுலயே போயிடும். தொட்டிய வெந்நீரும் வாசனை சேக்காத சோப்பும் போட்டுக் கழுவி, நல்லா காய வைங்க. அடியில சமையல் சோடா லேசா தூவி, அது மேல மணல். லேசான்னா லேசா. வாடைய அது இழுத்துக்கும். தரையில போயிருந்தா வினிகர்ல தண்ணி கலந்து துடைச்சு, அப்புறம் வெறும் தண்ணியால துடைச்சிடுங்க. ப்ளீச் பட்ட இடத்துல மட்டும் வினிகர் போட்டுடாதீங்க, அது இன்னொரு விஷம்."

"எலுமிச்சை எண்ணெய் ரெண்டு சொட்டு..."

"ஒரு சொட்டும் வேணாம். நமக்குத்தான் வாசனை. அவனுக்கு ஆகாது."

பழைய தொட்டியைத் தூக்கிப் போட்டேன். குளியலறையைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அலசினேன். அந்துருண்டைப் பைகளையும் போட்டேன். தைத்த தையலைப் பார்த்து ஒரு நிமிஷம் மனசு கேட்கவில்லை, அப்புறம் போட்டேன். புதுத் தொட்டியைக் காற்றோட்டமான பால்கனி மூலையில் வைத்து, சோடாவைச் சல்லடையில் சலித்து, சாக்பீஸ் கோட்டைத் தட்டிவிட்டால் தூள் படியுமே, அந்த அளவுக்கு மட்டும் தூவினேன். மேலே மணல். முதலாளி வந்தான். கழுத்தை நீட்டினான். நான் மூச்சுவிடாமல் நின்றேன். காலை உதறவில்லை. உள்ளே இறங்கி, ஒரு குழி பறித்து, ரொம்ப மரியாதையாகக் காரியத்தை முடித்து மூடிவிட்டு வந்தான். ஒருவன் ஒன்றுக்குப் போனதற்காக நான் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

இருந்தும் நாத்தனாரிடம் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. அப்புறம் எதுக்கு அனுப்பணும்?"

"இன்னிக்கு சரி. நாளைக்கு மறுபடி நாறினா யாரு சொல்லுவா? நீங்களா? இல்லைன்னுதான் சொல்லுவீங்க. நான் மறுபடி பயந்துபோய் எதையாவது கொட்டுவேன். இந்தத் தடவை பொழைச்சான். அடுத்த தடவை?" முதலாளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "என்கிட்ட இருந்து சாகறதுக்கு, அக்காகிட்ட எலி புடிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மூடி போட்ட பிரம்புக்கூடையோடு வந்து இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். அவருக்குத் தெரியாது. கிடங்குத் தூசியைத் தின்று தின்று அவர் மூக்குக்கும் என் மூக்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முதலாளி வெட்டுமேஜையில் படுத்துக்கொண்டு, விஷயம் புரியாமல் கூடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, எடுத்துக்கட்டுமா?" என்று நாத்தனார் கூடை மூடியைத் திறந்தார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று இருந்தது. கேட்டேன்.

"நாறுதா?"

"இல்..." என்றார். நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். நாறுகிறது என்று சொன்னால் பூனை போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் வாய் 'இல்லை'க்கே போய்ப் போய் நின்றது. பிறகு, ஃப்ரிட்ஜில் கேஸ் கசியும் இடத்தைத் தேடுகிற மாதிரி அறையைச் சுற்றி மெதுவாக நடக்க ஆரம்பித்தார். பால்கனிக்குப் போய்த் தொட்டிக்கு மேல் குனிந்தார். திரும்பி வந்தார். கூடை, திரைச்சீலை, மேஜை. மெஷினுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"நாறுது" என்றார்.

"டேய், சும்மா இருடா!" என்று நாத்தனார் அதட்டினார். "அவளே மனசு ஒடிஞ்சு நிக்கறா."

"இல்லக்கா, நாறுது. தொட்டிகிட்ட சுத்தமா இருக்கு, அங்க ஒண்ணுமே இல்ல. இங்கதான். கீழ." தரையில் படுத்து, மெஷினுக்கு அடியில் கையை விட்டு, நான் மெஷின் மிதிக்கும்போது காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் கால்மிதியை இழுத்தார். திருப்பிப் போட்டார். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. "பழசு. தொட்டிப் பக்கம் போக மாட்டேன்னு இருந்தப்ப இங்க போயிருக்கான். நல்லா நாறுது. நீ இதுலதான் தினமும் காலை வச்சுக்கிட்டு தச்சிருக்க."

பழக்க தோஷத்தில் அதை மூக்கருகே கொண்டுபோனேன். வழக்கம்போல ஒன்றும் இல்லை. விரலால் தடவினேன். விறைப்பாக, சொரசொரவென்று இருந்தது. அவர் சொன்னது நிஜம். காதைத் தடவவும் இல்லை.

எனக்கு உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. கால்மிதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன் என்று நாத்தனார் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

"அப்போ நான் இவனை எடுத்துக்கிட்டு கெளம்பவா?" என்றார் அவர்.

"வேணாம்க்கா. இவன் இங்கயே இருக்கட்டும்."

"என்னடி இது? நாறுதுன்னு இப்பத்தானே சொன்னான்."

"அதனாலதான்க்கா."

நாத்தனார் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் மூக்குல இல்ல, மூளையிலதான் கோளாறு" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு, காலிக் கூடையோடு கிளம்பினார். எலிகளை நினைத்தால் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் பால்கனியில் கால்மிதியை வினிகர் தண்ணீரில் முக்கி, பிறகு நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துகொண்டிருந்தார். முதலாளி வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நாளாக மறுபடி கேட்காமல் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று முன்பே தெரிந்ததால் கேட்காமல் விட்டது.

"ஏங்க. என் மேல?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், காய்ச்சல் விட்ட அந்தப் புதிதில் நின்ற மாதிரியே. கிட்டே வந்து என் கழுத்தோரம் குனிந்தார். அவசரப்படவில்லை.

"மெஷின் எண்ணெய்" என்றார். "புதுத்துணியோட கஞ்சி வாசனை. கைல சோப்பு. கழுத்துல வேர்வை, காலையில இருந்து ஓடிக்கிட்டே இருந்தல்ல." கொஞ்சம் தயங்கினார். "தலை நாறுது. எண்ணெய் சிக்கு. தலைக்குக் குளிச்சு நாளாச்சு போல."

காய்ச்சலுக்குப் பிறகு என் மேல் என்ன வாசனை இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எண்ணெய், கஞ்சி, சோப்பு, வேர்வை, சிக்குத் தலை. அவ்வளவும் நான்தான். இங்கேதான் இருந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அங்கேயே நின்று அழுதேன். அவர் பயந்துபோய், "ரொம்ப இல்லம்மா, லேசாதான்" என்று ஆரம்பித்தார். "வாய மூடுங்க, கெடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு தலைக்குக் குளிக்கப் போனேன்.